உப்பு பார்க்கிறவள்

நாற்பத்து மூன்று பிள்ளைகள்.
தலைக்கு ஐம்பது கிராம் ரவை.
முக்கூடலுக்கு மேற்கே, ஆற்றுக்கு ரெண்டு வயல் தள்ளிப்
பள்ளிக்கூடம். ஆறேகாலுக்கு சிலிண்டரைத் திறப்பேன்.
இறக்கியதும் சட்டியைப் படம் பிடித்து ஏற்றவேண்டும்.
டவர் கிடைக்க
பம்ப் ரூம் மேட்டில் ஏறி
போனைத் தூக்கிப் பிடித்து நிற்பேன்,
மேகத்துக்கு ஆவி காட்டுகிறவள் மாதிரி.

ஏழே முக்காலுக்கு உலகேஸ்வரி வருவாள்
தம்பி பூல்பாண்டியை இழுத்துக்கொண்டு.
அவன் மூன்றாம் வகுப்பு.
போன பங்குனி வரைக்கும்
வரிசையில் கடைசித் தட்டு அவளுடையது.
இப்போது ஆறாம் வகுப்பு, முக்கூடல் பெரிய பள்ளிக்கூடம்,
எட்டு இருபதுக்கு பஸ்.
தாளில் ஐந்தோடு கோடு போட்டிருக்கிறது.
வயிற்றில் யாரும் போடவில்லை.

"சாப்ட்டியாட்டி?"
"சாப்ட்டாச்சுக்கா."
"என்னது?"
"தோசை."
நேற்றும் தோசை. முந்தாநாளும் தோசை.
அவள் வீட்டுக் கிரைண்டர் பெல்ட் அறுந்து
தையிலிருந்து கிடக்கிறது.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியுமென்று அவளுக்கும் தெரியும்.
அம்மா முப்பிடாதி பொழுது விடியுமுன்னே
இலை வெட்ட உட்கார்ந்துவிடுவாள்.
ஆயிரம் பீடிக்குக் கணக்கு முடிக்கிற கைக்குக்
கத்தரிக்கோலைக் கீழே வைக்க நேரமில்லை.

பூல்பாண்டி கொஞ்ச நாள்
பாதித் தட்டோடு எழுந்து
குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தான்.
அக்கா அங்கே நிற்பாள், தண்ணீர் பிடிக்கிற மாதிரி.
"தட்டு வெளியே போகக்கூடாது" என்றார் எமீமாள் டீச்சர்.
அவர் கெட்டவர் இல்லை.
எண்ணிக்கை கூடினால் போன் வரும்.
குறைந்தாலும் வரும்.
அதற்கப்புறம் அவன் முழுத் தட்டையும் தின்றான்,
தலையை நிமிர்த்தாமல்,
களவாண்டதைத் தின்கிற மாதிரி.

ஒரு புதன்கிழமை, பொங்கல்.
எனக்குச் சளி, நாக்குச் செத்துக் கிடந்தது.
பரிமாறுமுன் ஒருவர் ருசி பார்க்கவேண்டும் என்பது சட்டம்.
"ஏட்டி உலகு, இங்க வா. உப்பு பாரு."
மூடியைக் கவிழ்த்து ஒரு கரண்டி வைத்தேன்.
நின்றுகொண்டே தின்றாள், சுவரைப் பார்த்து.
"முழுங்கிட்டுப் போவக்கூடாது. சொல்லணும்."
யோசித்தாள். நெற்றி சுருங்கியது.
"உப்பு சரிக்கா. நல்லமொளவு கம்மி."
கம்மிதான்.

மறுநாள் சளி விட்டுவிட்டது.
ஆனாலும் இருமினேன்.

கிச்சடி. சேமியா. மறுபடி பொங்கல்.
ஆடி முழுக்க எனக்குச் சளி.
நாளாக நாளாகக் கரண்டிக்குக் குழி கூடிற்று.
ஒரு திங்கள்கிழமை அவளோடு இன்னும் ரெண்டு பேர்,
பையும் யூனிபார்முமாக.
ரஹ்மத்துக்குக் காரம் நன்றாகத் தெரியுமாம்.
ஜெபக்கனி, வெந்திருக்கிறதா என்று பார்ப்பாளாம்.
உலகு என்னைப் பார்க்கவில்லை,
சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.
மூன்று ஐம்பது நூற்றைம்பது.
ரவை என்ன, ஆற்றுத் தண்ணியா, பெருக?

இப்போது வரும்போதே
என் வீட்டு டப்பாவிலிருந்து மூன்று பிடி அள்ளி
முந்தியில் முடிந்துகொள்கிறேன்.
அதற்கு எந்த ஏட்டிலும் கட்டம் இல்லை.
என் வீட்டுக்காரருக்கும் தெரியாது.
மாசக் கடைசியில் டப்பா காலியாகிவிடுகிறது. அப்போது
கஞ்சி மாதிரி இளக்கிவிடுவேன்,
நாற்பத்தாறு பேரும் முகம் சுளிப்பார்கள்.

நேற்று எமீமாள் டீச்சர் அடுக்களைக்குள் வந்தார்.
மூன்று பேரும் மூடியோடு மூலையில் ஒடுங்கினார்கள்.
"மூணு பேர் பாத்துமா கிச்சடி இந்த லட்சணத்துல இருக்கு?"
பதிவேட்டில் 43 என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனார்.
கதவை அவரேதான் சாத்தினார்.

வெளியே பஸ் ஹாரன்.
ரஹ்மத்தும் ஜெபக்கனியும் ஓடிவிட்டார்கள்.
உலகு மட்டும் நிற்கிறாள்,
விரலை நக்கி, நெற்றியைச் சுருக்கி.
"என்னட்டி, உப்பு எப்படி?"
"ஒரு கரண்டியில சரியாத் தெரியலக்கா."